சின்னத் தலை நோட்டு

மார்ச் 4, செவ்வாய்

சின்னவளுக்கு,

அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒன்றரை வருஷம் பேசாமல் இருந்துவிட்டு முதல் வார்த்தையே காசைப் பற்றியா என்று நினைப்பாய். நினைத்துக்கொள். போனில் இரண்டு நிமிடம் பேசினால் ஒரு நாள் சாப்பாட்டுக் காசு போகிறது. அந்த இரண்டு நிமிடமும் எனக்கு அழுகையிலேயே கழிந்துவிடும். ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புகிற கூரியர் மலிவு, இரண்டு நாளில் வந்து சேருமாம், ஆஸ்பத்திரி வாசலிலேயே கடை இருக்கிறது. உன் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு எந்த ஊரில் இருக்கிறாரோ. நம் வீட்டில் நோட்டைப் பற்றித் தெரிந்தவள் நீ ஒருத்திதான். பேங்க் கேஷ் கவுண்டரில் பகல் முழுக்க அதைத்தானே எண்ணுகிறாய். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உன் மாமாவைப் பார்த்துவிட்டேன். சாரத்திலிருந்து விழுந்ததில் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. துணியைச் சுற்றிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே கழுவி, கம்பி வைத்து நிறுத்த வேண்டுமாம். வெல்டிங் வேலைக்குக் கூட்டி வந்த காண்ட்ராக்டர் ஐந்து நாள் கட்டில் வாடகையைக் கட்டிவிட்டு ஆபீசைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். முன்பணம் கட்டாமல் ஆபரேஷன் நடக்காது. அதையும் இந்த ஊர்க் காசாகக் கட்ட வேண்டும். நான் கொண்டுவந்த டாலரில் கணக்குப் போட்டால் இருபது நூறு டாலர் நோட்டு. ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது என்று டாக்டர் விரலை மடக்கிக் காட்டினார்.

முப்பது நோட்டும் நானே தைத்த இடுப்புப் பையில் பத்திரமாக வந்து சேர்ந்தது. "ஏர்போர்ட்ல மாத்தினா பாதியை அவனே தின்னுடுவான் அண்ணி. டாக்சிக்கு மட்டும் ஒரு நோட்டை மாத்துங்க" என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். அப்படியே செய்தேன். மீதியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் காசு மாற்றும் கடைக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் ஐந்து நோட்டை எடுத்துக்கொண்டு இருபத்து நாலை என் பக்கம் தள்ளினான். "ஓல்ட்" என்றான். நாலு கடை ஏறி இறங்கினேன். எல்லாரும் அதே ஒரு வார்த்தைதான். நாலாவது கடைக்காரன் மட்டும் இரக்கப்பட்டு அவனுடைய நோட்டு ஒன்றை எடுத்து என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினான். ஒரே ஆள், ஒரே மூஞ்சி. அவன் நோட்டில் தலை பெரிசு, என் நோட்டில் தலை சின்னது.

நோட்டுக் கட்டில் மேலே மூன்று நல்ல நோட்டு, கீழே மூன்று நல்ல நோட்டு, நடுவில் இருபத்து நாலு செல்லாக்காசு. கூடையில் மேலாக நல்ல பழத்தை அடுக்கி அடியில் அழுகலைப் போடுகிற மாதிரி. இதை அடுக்கியது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன்னிடம் விட்டுவிட்டு வந்த என் குட்டி ராத்திரியில் அழுகிறாளா?

அக்கா


மார்ச் 6, வியாழன்

அக்காவுக்கு,

கடிதம் இன்று காலை வந்தது. பேங்குக்கு எடுத்துப் போய் மதிய இடைவேளையில் மூன்று முறை படித்தேன்.

அடுக்கியது நான் இல்லை. அந்த உறையை நான் தொடவே இல்லை. உங்கள் பணத்தை இனித் தொடுவதில்லை என்று நான் முடிவெடுத்தது எப்போது, எதனால் என்று உங்களுக்கே தெரியும். அவர் சவாரி முடிந்து சனிக்கிழமைதான் வருவார். வந்ததும் கேட்கிறேன்.

இப்போது வேலையைப் பார்ப்போம். அந்த நோட்டுகள் கள்ள நோட்டு இல்லை. அடித்த நாட்டில் இன்றைக்கும் செல்லும். வெளியே இருக்கிற கடைக்காரர்கள்தான் வாங்க மாட்டார்கள், வாங்கினால் அவர்களால் மேலே தள்ள முடியாது. அந்த ஊரில் பெரிய பேங்க் எதுவோ அதன் தலைமைக் கிளைக்குப் போங்கள். பாஸ்போர்ட்டும் விசாத் தாளும் கையில் இருக்கட்டும். நோட்டை மடிக்காதீர்கள், யாரும் பேனாவால் எதுவும் கிறுக்க விடாதீர்கள். ஜன்னலை விட்டு நகர்வதற்கு முன்னால் எண்ணுங்கள், ரசீது வாங்குங்கள்.

முக்கியமாக ஒன்று. தெருவில் நின்றுகொண்டு கூப்பிடுகிறவனிடம் போகாதீர்கள். பலகையில் போட்டிருக்கிற விலையை விட ஒருவன் கூடத் தருகிறேன் என்றால், அந்தக் கூடுதல் உங்கள் பையிலிருந்துதான் வரப்போகிறது.

இங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் பணம் அனுப்ப வழி இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியின் செலவு மதிப்பீடு முத்திரையோடு வேண்டும், கணக்கு எண் வேண்டும். அனுப்பிய பிறகு ஐந்து வேலை நாள் ஆகும். மதிப்பீட்டை உடனே அனுப்புங்கள். அனுப்பப் பணம் எங்கே என்று கேட்காதீர்கள், பார்க்கிறேன்.

குட்டி அழவில்லை. வீட்டை இரண்டாக்கிய பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் உங்கள் கட்டிலில்தான் படுக்கிறாள். நானும் தலையணையை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுகிறேன்.

சின்னவள்


மார்ச் 8, சனி

சின்னவளுக்கு,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. நேற்றுக் காலையே வந்திருக்கக் கூடாதா.

பெரிய பேங்குக்கு நீ சொல்வதற்கு முன்னாலேயே போய்விட்டேன். நேற்றுக் காலை எட்டு மணிக்குச் சீட்டு எடுத்து, பதினொன்றரைக்கு ஜன்னலுக்குப் போனேன். உள்ளே இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். நோட்டை அச்சடித்த நாட்டுக்கே அனுப்பிக் கேட்க வேண்டுமாம், ஆறு வாரம் ஆகுமாம். நர்ஸிடம் எழுதி வாங்கிய தாளைக் காட்டினேன். ஆபரேஷன், ஒரு வாரம், புருஷன் என்று அதில் இருந்தது. அவள் அதைப் படித்துவிட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் கூடத் தேவலை.

வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். ஒருவன் வந்தான். நல்ல சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, ஏதோ ஆபீஸ்காரன் மாதிரி. நம் பாஷையில் நாலு வார்த்தை அவனுக்குத் தெரிந்திருந்தது. "அக்கா, பழைய நோட்டா? நான் வாங்கறேன். முழு விலை" என்றான். அந்த 'அக்கா'வில் விழுந்துவிட்டேன். கெட்டிக்காரி மாதிரி, எல்லாவற்றையும் காட்டாமல் நாலு நோட்டை மட்டும் எடுத்தேன். அவன் இந்த ஊர் நோட்டுக் கட்டு ஒன்றை என் கையில் கொடுத்து எண்ணச் சொன்னான். எண்ணினேன், சரியாக இருந்தது. "ஒண்ணு கிழிஞ்சிருக்கு, மாத்தித் தரேன்" என்று திரும்ப வாங்கினான். மாற்றினான், ரப்பர் பேண்டு போட்டான், கொடுத்தான். "போலீஸ் வருது, பைக்குள்ள வை, வை" என்றான். வைத்தேன். தலையைத் தூக்கினால் ஆளைக் காணோம். போலீசையும் காணோம். ரப்பர் பேண்டைக் கழற்றினால் மேலே ஒன்றுதான் பெரிய நோட்டு. உள்ளே எல்லாம் பஸ் டிக்கெட்டுக்குத்தான் ஆகும்.

கண்ணெதிரே நடந்தது, சின்னவளே. என் கையால் எண்ணினேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து உன் மாமாவிடம் சொல்லவில்லை. அவருக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். கட்டுக்கு மேலே தோல் பளபளவென்று வீங்கியிருக்கிறது, நாற்றம் வருகிறது. பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கிறார். நோட்டு எப்படி மாறிப்போனது என்று நானாகப் புலம்பிக்கொண்டிருந்தது உன் மாமா காதில் விழுந்துவிட்டது. "தம்பி அப்படிச் செய்ய மாட்டான்டி. அவனை எவனோ ஏமாத்தியிருப்பான்" என்றார். வலியில் இருக்கிற மனுஷனிடம் எதைச் சொல்ல.

ஆனால் உன்னிடம் சொல்வேன். அடியில் மூன்று, மேலே மூன்று என்று எண்ணி வைத்த கை ஏமாந்த கை இல்லை.

மதிப்பீட்டுத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள். மருந்து, கட்டு, அறை வாடகை என்று நல்ல நோட்டெல்லாம் கரைந்துகொண்டே போகிறது. மூன்று நாளாக ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன். இது உன்னிடம் கணக்குக் காட்ட இல்லை, தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

அக்கா


மார்ச் 10, திங்கள்

அக்காவுக்கு,

மதிப்பீடு வந்தது, முத்திரை சரியாக இருக்கிறது. சம்பளத்தில் முன்பணம் கேட்டு மேனேஜரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாளை காலை ஆறு நோட்டு விலை ஆஸ்பத்திரிக் கணக்குக்குக் கிளம்பிவிடும். அடுத்த செவ்வாய்க்குள் அங்கே வந்து சேர வேண்டும்.

அவர் சனிக்கிழமை வந்தார். உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்துகொண்டார்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வளையல் விற்ற பணம், நம் இரண்டு வீட்டுச் சேமிப்பு எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு நோட்டுக்குத்தான் வந்தது. மீதி எட்டுக்கு வண்டி ஓனர் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். நீங்கள் கிளம்புகிற அன்று காலையில் கையை விரித்துவிட்டார். டிராவல்ஸ் ஆபீஸில் ஒரு ஆள், பழைய நோட்டு மலிவாக இருக்கிறது, வெளிநாட்டில் எல்லாம் ஒரே விலைதான் என்று சொல்லியிருக்கிறான். பதினாறு பெரிய தலையைக் கொடுத்து இருபத்து நாலு சின்னத் தலையை வாங்கியிருக்கிறார். முப்பது ஆகிவிட்டது.

"ஏன் அண்ணிகிட்ட இருபத்திரண்டுதான் இருக்குன்னு சொல்லல?" என்று கேட்டேன்.

"முப்பதுன்னு வாக்குக் குடுத்துட்டேன். தெரியாத ஊருக்குப் போற பொம்பளைய பாதிக் காசோட எப்படி அனுப்புறது" என்றார்.

"அப்ப மேலயும் கீழயும் ஏன் நல்லதா வச்சீங்க?"

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நேற்று முழுக்கச் சாப்பிடவில்லை. அவருக்காகப் பரிந்து பேச இதை எழுதவில்லை.

டிராவல்ஸ்காரனைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கிறார். அதில் ஒன்றே ஒன்று உபயோகமாகக் கிடைத்தது. துறைமுகம் இருக்கிற ஊரில் கப்பல்காரர்களுக்குக் காசு மாற்றுகிறவர்கள் சின்னத் தலையையும் வாங்குவார்களாம், கழிவு பிடித்துக்கொண்டு. பத்துக்கு இரண்டு வரை கொடுக்கலாம். கூடக் கேட்டால் எழுந்து வாருங்கள், பின்னாலேயே கூப்பிடுவார்கள். கடை, ஜன்னல், பலகை இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள். நர்ஸையோ யாரையோ துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இது கைக்குக் கிடைத்ததும் போங்கள் அக்கா.

சின்னவள்


மார்ச் 12, புதன்

சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்த அரை மணியில் கிளம்பினேன். வார்டில் துடைக்கிற அம்மாவைக் கூட்டிக்கொண்டேன். அவளுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் நான் எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். துறைமுகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கயிறு விற்கிற கடைக்கும் பெயிண்ட் கடைக்கும் நடுவில் ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் கிழவர் ஒருவர். ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்தில் பார்த்தார், விரலால் தடவினார். இருபதும் நல்லது என்றார். பத்துக்கு மூன்று என்றார்.

நீ சொன்ன மாதிரி எழுந்தேன். தெரு முனை வரைக்கும் நடந்தேன். பின்னால் யாரும் கூப்பிடவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று இருக்கிறவனுக்கு எதற்கு அவசரம். திரும்பிப் போய் நானே ஜன்னலைத் தட்டினேன். எண்ணினேன். அந்த அம்மாவையும் எண்ணச் சொன்னேன். ரசீது கேட்டேன், சிரித்துக்கொண்டே ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார்.

இருபது நோட்டு பதினாலு நோட்டாகிவிட்டது. கையில் மிச்சம் இருந்தது இரண்டு. பதினாறு. கட்ட வேண்டியது இருபது. முதலிலேயே நல்ல நோட்டாக இருபத்திரண்டு மட்டும் கொடுத்திருந்தால் போன வாரச் செவ்வாயே கட்டியிருப்பேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதைத்தான் போட்டுப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் அதே விடைதான் வருகிறது.

பதினாறையும் கவுண்டரில் வைத்து, செவ்வாய்க்கிழமை மீதி வந்துவிடும் என்று உன் கடிதத்தைக் காட்டினேன். கவுண்டர்காரன் டாக்டரைக் கூப்பிட்டான். டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்து, நர்ஸை விட்டு மெதுவாகச் சொல்ல வைத்தார். சீழ் மேலே ஏறிவிட்டது. இனி இருபது கட்டினாலும் ஒரு ஆபரேஷனோடு முடியாது, மூன்று நாலு ஆகும், அப்புறமும் கால் நிற்கும் என்று அவரால் சொல்ல முடியாது. முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை. அதற்கு ஆகிற செலவு பதினொன்று.

காலை வைத்துக்கொள்ள இருபது, காலை எடுக்கப் பதினொன்று. எடுப்பதுதான் மலிவு, சின்னவளே. அதற்கு மட்டும் என்னிடம் காசு இருந்தது.

உன் மாமாவிடம் நான்தான் சொன்னேன். காய்ச்சலில் கண் பாதி மூடியிருந்தது. காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். "விழுந்துச்சு" என்றார். கண்ணைத் திறந்து, "அப்ப அஞ்சு மிச்சம் வரும். அதுல ரெண்டு பேருக்கும் டிக்கெட் ஆகுமான்னு கேளு" என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளை காலை ஏழு மணிக்கு.

அக்கா


மார்ச் 14, வெள்ளி

அக்காவுக்கு,

நேற்றே முடிந்திருக்கும். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்கக்கூட எனக்கு உரிமை இல்லை. ஏன் என்று இதைப் படித்தால் தெரியும். இதை எழுதாமல் இருந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த உறையை நான் தொடவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அது உண்மை. ஆனால் பார்த்தேன். நீங்கள் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால், அவர் நோட்டை மேசையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கதவருகில் நின்றிருந்தேன். சின்னத் தலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் பேங்கிலேயே அதை வாங்க மாட்டோம், சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறது. "பாரு, முப்பது இருக்கு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. குட்டிக்குத் தலை வாரப் போய்விட்டேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் திருப்பிக் கொடுத்து மாற்றியிருக்கலாம். நேரம் இருந்தது.

ஏன் பேசவில்லை என்று நாலு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், அலமாரியில் வைத்த நாலாயிரம் காணவில்லை என்று, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் நீங்கள் சொன்னீர்கள்: "நோட்டு எண்ணியே பழகின கை, அடுத்த வீட்டு நோட்டையும் எண்ணிப் பார்த்திருக்கும்." அதற்குப் பிறகுதான் பலகைச் சுவர் வந்தது. உங்கள் காசு விஷயத்தில் நான் வாயைத் திறந்தால், அதில் ஒரு நோட்டு குறைந்தாலும் என் தலையில்தான் விழும் என்று பயந்தேன். அது மட்டும்தான் என்று சொன்னால் பொய். படட்டும் என்று ஒரு ஓரத்தில் இருந்தது. கடையில் நின்று முழிக்கட்டும், திரும்பி வந்து என்னிடம் கேட்கட்டும் என்று நினைத்தேன். கால் போகும் என்று நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

அவருக்கு இது தெரியாது. தன்னால்தான் அண்ணன் கால் போனது என்று அவர் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார். என்னாலும்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். குட்டியை மட்டும் நீங்கள் வரும் வரைக்கும் என்னிடமிருந்து பிரிக்கச் சொல்லாதீர்கள்.

சின்னவள்


மார்ச் 18, செவ்வாய்

சின்னவளுக்கு,

உன் கடிதம் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. இரண்டு நாளாகப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

உன் மாமாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இல்லாத காலில் பெருவிரல் அரிக்கிறது என்கிறார். நான் போர்வைக்கு மேலே அந்த இடத்தைச் சொறிந்துவிட்டேன். கொஞ்சம் அடங்கிவிட்டதாம்.

கடிதம் வந்த அன்று, "சின்னவ என்ன எழுதியிருக்கா, படி" என்றார். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நானாகப் படித்தேன். குட்டி நல்லா இருக்கா, பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டியில சேர்ந்திருக்கா, தம்பி உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னார் என்று. "பெரிய கடுதாசியா இருக்கே, இவ்வளவுதானா?" என்றார். எழுத்தைப் பெரிசு பெரிசா எழுதியிருக்கா என்றேன். அவருக்கு இது தெரிய வேண்டாம். உன் வீட்டுக்காரரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

உன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் தாங்காது. முதல் நாள் முழுக்க உன்னைச் சபித்தேன். வார்டு என்றும் பார்க்கவில்லை, வாய்விட்டே சபித்தேன். இங்கே யாருக்கும் பாஷை புரியாதது நல்லதாகப் போயிற்று.

இரண்டாம் நாள்தான் என் கதை ஞாபகம் வந்தது. அந்த நாலாயிரத்தை உன் மாமா எடுத்திருந்தார், யாரோ கூட வேலை செய்கிறவனின் அவசரத்துக்கு. மறுநாளே என்னிடம் சொல்லிவிட்டார். உன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் தச்சன் வந்து பலகை அடித்துக்கொண்டிருந்தான். சுவர் எழும்பிவிட்டது, இனிமேல் எதற்கு என்று விட்டுவிட்டேன். ஒன்றரை வருஷம் தினமும் அந்தப் பக்கம் நீ பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, சொல்லாமலே இருந்தேன். நான் சொல்லியிருந்தால் நீயும் சொல்லியிருப்பாய். இதை நேற்று ராத்திரி நினைத்ததிலிருந்து உன்னைச் சபிக்க வாய் வரவில்லை. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

நீ அனுப்பிய பணம் இன்று காலை வந்துவிட்டது. கவுண்டர்காரன் ஒரு எண்ணைக் காட்டிக் கையெழுத்து வாங்கினான். கழிவு எதுவும் இல்லை, முழுசாக வந்திருக்கிறது. டிக்கெட்டுக்கும் ஊன்றுகோலுக்கும் ஆகிவிட்டது.

மன்னித்தேன் என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு தாள் கிழித்ததுதான் மிச்சம். நீயும் அந்த வார்த்தையைக் கேட்டு எழுத வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மதியம் விமானம் வருகிறது. உன் வீட்டுக்காரரை வண்டி எடுக்கச் சொல். நடு சீட்டைக் கழற்றி வைக்கட்டும், இவரால் மடங்கி உட்கார முடியாது. குட்டியைக் கூட்டி வர வேண்டாம், முதலில் வீட்டில் பார்க்கட்டும். நீ பேங்குக்கு லீவு போட்டுவிட்டு வா. ஊன்றுகோல் இன்னும் பழகவில்லை, வாசலில் நாலு படி இருக்கிறது. இடது பக்கம் நான் பிடித்துக்கொள்வேன். வலது பக்கத்துக்கு நீ வேண்டும்.

அக்கா